உங்கள் கோப்புகளுக்குள் தேட ரீகோல்: லினக்ஸில் நிறுவுவது, மூலநிரலிலிருந்து பில்டு செய்வது, புதுப்பிப்பது

கோப்பின் பெயர் நினைவில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க லினக்ஸில் ஃபைண்டும் லொக்கேட்டும் போதும். பெயர் மறந்துபோய், உள்ளே படித்த ஒரு வரி மட்டும் நினைவில் நிற்கும்போதுதான் சிக்கல். வெறும் உரைக் கோப்பு என்றால் க்ரெப் துழாவிவிடும். ஆனால் அந்த வரி ஒரு பிடிஎஃப்பில் இருக்கலாம், லிப்ரெஆபிஸ் ஆவணத்தில் இருக்கலாம், தண்டர்பேர்டு அஞ்சலோடு வந்த ஜிப் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் வேர்டு ஆவணத்திலும் இருக்கலாம். அந்த ஆழத்துக்கு க்ரெப் இறங்காது. இறங்கினாலும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளையும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இந்த வேலைக்காக லினக்ஸில் பல கருவிகள் வந்து போயின. பீகிள் பாதியில் நின்றது. கூகுள் டெஸ்க்டாப்பின் லினக்ஸ் பதிப்பு 2007இல் வந்தது, 2011இல் அந்தத் திட்டமே மூடப்பட்டது. கேடிஇயில் நெபோமுக் விலகி 2014இல் பலூ வந்தது. க்னோமின் ட்ராக்கர் 2024இல் லோக்கல்சர்ச் என்று பெயர் மாறியது. இத்தனைக்கும் நடுவே சத்தமில்லாமல் தொடர்ந்து வளர்ந்து வந்தது ரீகோல். ழான் பிரான்சுவா டொக்கேஸ் 2005 முதல் எழுதிப் பராமரித்துவரும் கட்டற்ற மென்பொருள் இது. ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது, எந்த டெஸ்க்டாப் சூழலையும் சார்ந்து நிற்பதில்லை. ஆராய்ச்சி, வழக்கு ஆவணம், மொழிபெயர்ப்பு, பழைய அஞ்சல் என்று ஆண்டுக்கணக்கில் கோப்பு சேர்த்து வைத்திருக்கும் எவருக்கும் நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியே சொல்லியிருக்கிறேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று இடங்கள்

ரீகோல் உங்கள் கணினியில் மூன்று தனித்தனி இடங்களில் இருக்கிறது. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால், நிறுவுவதிலும் புதுப்பிப்பதிலும் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி வராமலே போகும்.

ஒன்று, நிரல். யுஎஸ்ஆர் கோப்புறையிலோ அதன் லோக்கல் பகுதியிலோ இருக்கும். ‘ரீகோல்’ என்பது தேடும் சாளரம். ‘ரீகோல்இண்டெக்ஸ்’ என்பது கோப்புகளைப் படித்து இண்டெக்ஸ் எழுதும் நிரல். ‘ரீகோல்க்யூ’ முனையத்திலிருந்தே தேட உதவும். இவற்றோடு பைத்தானில் எழுதப்பட்ட வடிகட்டிகள் ஒரு கூட்டமே வரும். ஒவ்வொரு கோப்பு வகையிலிருந்தும் உரையைப் பிரித்தெடுப்பவை அவைதான்.

இரண்டு, கட்டமைப்பு. உங்கள் முகப்புக் கோப்புறையில் ‘.ரீகோல்’ என்ற மறைகோப்புறை இருக்கும். எங்கே தேட வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் அதிலுள்ள ‘ரீகோல்.கான்ஃப்’ முதலிய கோப்புகளில் பதிந்திருக்கும்.

மூன்று, இண்டெக்ஸ். அதே மறைகோப்புறைக்குள் ‘ஸாப்பியன்டிபி’ என்ற பெயரில் இருக்கும். ஸாப்பியன் என்ற கட்டற்ற தேடல் நூலகம்தான் ரீகோலின் எஞ்சின். எந்தச் சொல் எந்த ஆவணத்தில் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்ற தகவலை அது இங்கே சேமிக்கிறது.

நிரலை மீண்டும் பதிவிறக்கிக்கொள்ளலாம். இண்டெக்ஸை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம், அதற்கு நேரம் ஆகும், அவ்வளவுதான். கட்டமைப்பு மட்டும் உங்கள் உழைப்பு. அதைப் பாதுகாத்துவிட்டு மற்ற இரண்டையும் தயக்கமின்றிக் கலைத்து அடுக்கலாம். இந்த வழிகாட்டியில் வரும் எல்லா முடிவுகளும் இதிலிருந்து பிறப்பவை.

படி 1: எந்த வழியில் நிறுவுவது

உங்கள் விநியோகத்தின் (நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகையின்) களஞ்சியத்தில், அதாவது நிறுவத் தயாரான பொதிகளின் சேமிப்பில், ரீகோல் அநேகமாக ஏற்கெனவே இருக்கும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச், ஓப்பன்சூசே எல்லாவற்றிலும் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு இது போதும். மூலநிரலிலிருந்து பில்டு செய்வது, அதாவது எழுதப்பட்ட நிரலை நம் கணினியிலேயே இயங்கும் வடிவுக்கு மாற்றுவது, பெருமைக்கான வேலை அல்ல. அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணங்கள் உண்டு. டெபியன் நிலைப் பதிப்பு வெளியான பின் அதிலுள்ள மென்பொருள்களின் பதிப்பு எண் உறைந்துவிடும், பாதுகாப்புத் திருத்தங்களும் முக்கியப் பிழைத் திருத்தங்களும் மட்டுமே வரும். ரீகோலோ அடிக்கடி புதிய பதிப்பு காண்பது. ஒரு கோப்பு வகைக்கான வடிகட்டி புதிய பதிப்பில்தான் சரியாகியிருக்கிறது என்றால், பழைய பொதியோடு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. திரை இல்லாத சர்வரில் சாளர இடைமுகமின்றி இண்டெக்ஸர் மட்டும் வேண்டும் என்பவர்களும் பில்டு செய்யலாம். (டெபியனில் அதற்கும் எளிய வழி உண்டு: ‘ரீகோல்சிஎம்டி’ என்ற பொதி தனியாகவே கிடைக்கிறது.)

உபுண்டு பயனருக்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ரீகோல் உருவாக்குநரின் பிபிஏ களஞ்சியத்தை (உபுண்டுவுக்கென்று அவரே பொதி வெளியிடும் தனி இடம்) சேர்த்தால் புதிய பதிப்புகள் ஆப்ட் என்ற பொதி மேலாளர் வழியாகவே வந்து சேரும். உபுண்டுவில் இருப்பவர்கள் பில்டு செய்யத் தொடங்குமுன் இதைப் பாருங்கள். பிபிஏவை எப்படிச் சேர்ப்பது என்று ரீகோல் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்திலேயே இருக்கிறது.

படி 2: களஞ்சியத்திலிருந்து நிறுவுதல்

டெபியன், உபுண்டுவில்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ரீகோல்

ஃபெடோராவில் ‘சூடோ டிஎன்எஃப் இன்ஸ்டால் ரீகோல்’. ஆர்ச்சில் ‘சூடோ பேக்மேன் -எஸ் ரீகோல்’ (எஸ் பெரிய எழுத்து). நிறுவியதும் ‘ரீகோல் -வி’ என்று தட்டினால் பதிப்பு எண் தெரியும். அதைக் குறித்து வையுங்கள், புதுப்பிக்கும்போது உதவும்.

இப்போதே சாளரத்தைத் திறந்து ‘இண்டெக்ஸ் தொடங்கு’ என்று அழுத்திவிடாதீர்கள். இன்னும் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

படி 3: துணை நிரல்கள்

ரீகோல் எல்லாக் கோப்பு வகைகளையும் தானே படிப்பதில்லை. பிடிஎஃப்புக்குப் பாப்ளர் கருவிகளில் உள்ள பிடிஎஃப்டுடெக்ஸ்ட், பழைய டாக் கோப்புகளுக்கு ஆண்டிவேர்டு, ஆர்டிஎஃப்புக்கு அன்ஆர்டிஎஃப், டெஜாவு கோப்புக்கு டெஜாவு லிப்ரே, படங்களின் உள்விவரங்களுக்கு எக்சிஃப்டூல், பாடல்களின் குறிப்புகளுக்கு மியூட்டாஜென் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளை வைத்துக்கொள்கிறது. அந்த ஆள் இல்லாவிட்டால் அந்த வகைக் கோப்பின் பெயர் மட்டும் இண்டெக்ஸில் ஏறும், உள்ளடக்கம் ஏறாது. தேடினால் வராது, ஏன் வரவில்லை என்றும் புரியாது. ‘ரீகோல் சரியில்லை’ என்று கைவிட்டவர்களில் பலரும் உண்மையில் இந்த இடத்தில் தடுக்கியவர்கள்.

எது குறைகிறது என்பதை ரீகோலே சொல்லும். ஒருமுறை இண்டெக்ஸ் ஓடி முடிந்ததும் ‘.ரீகோல்’ கோப்புறையில் ‘மிஸ்ஸிங்’ என்றொரு கோப்பு இருக்கும். எந்தத் துணை நிரல் இல்லாததால் எந்த வகைக் கோப்பு விடுபட்டது என்ற பட்டியல் அதில் கிடைக்கும். சாளரத்திலும் மெனுவில் இதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் நிறுவ வேண்டியதில்லை. உங்களிடம் இல்லாத கோப்பு வகைக்கான நிரல் உங்களுக்கு எதற்கு?

இங்கே ஒரு நுட்பம். ஒருமுறை படிக்க முடியாமல் தோற்ற கோப்பை ரீகோல் அடுத்தடுத்த ஓட்டங்களில் பொதுவாக மீண்டும் முயல்வதில்லை, நேரம் வீணாகக் கூடாது என்பதற்காக. ஆகவே துணை நிரலை நிறுவிய பிறகு ‘ரீகோல்இண்டெக்ஸ் -கே’ என்று ஓட்டுங்கள். தோற்ற கோப்புகளை அது மறுபடி எடுத்துப் படிக்கும்.

படி 4: எங்கே தேடுவது, எதை விடுவது

எதுவும் சொல்லாவிட்டால் ரீகோல் உங்கள் முகப்புக் கோப்புறை முழுவதையும் படிக்கும். வேலை செய்யும்தான், ஆனால் பதிவிறக்கக் குப்பை, விளையாட்டுக் கோப்புகள், மென்பொருள் திட்டங்களின் சார்புநிலைக் கோப்புகள் எல்லாம் தேடல் முடிவில் வந்து நிற்கும். எனவே ‘ரீகோல்.கான்ஃப்’ கோப்பில் இரண்டு வரிகள் எழுதுங்கள்:

டாப்டிர்ஸ் = ~/ஆவணங்கள் ~/ஆய்வு ~/.தண்டர்பேர்டு
ஸ்கிப்டுபாத்ஸ் = ~/ஆவணங்கள்/பழையபிரதி

முதல் வரி நுழைய வேண்டிய கோப்புறைகள், இரண்டாவது விலக்க வேண்டியவை (அதில் ‘பாத்ஸ்’ என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்து). இது போக ‘ஸ்கிப்டுநேம்ஸ்’ (‘நேம்ஸ்’ என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்து) என்ற பட்டியல் உண்டு. ‘.கிட்’, ‘டிஎம்பி’ போன்ற பெயருள்ள கோப்புறைகளை ரீகோல் இயல்பாகவே விலக்குவது அந்தப் பட்டியலால்தான். உங்கள் முக்கியமான கோப்புறைக்கு நீங்களே ‘டிஎம்பி’ என்று பெயர் வைத்திருந்தால் அது ஒருபோதும் தேடலில் வராது. இதையெல்லாம் சாளரத்தின் இண்டெக்ஸ் கட்டமைப்பு மெனுவிலும் செய்யலாம்.

வெளி வன்தட்டை இண்டெக்ஸ் செய்வதானால், அது மவுண்ட் ஆகும் இடத்தை டாப்டிர்ஸ் பட்டியலில் நேரடியாக எழுதுங்கள். மேல்நிலைக் கோப்புறையின் உள்ளே ஒன்றாக அதை விட்டுவிட்டால், வன்தட்டு செருகாத நாளில் ஓடும் இண்டெக்ஸர் அதிலிருந்த ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று எண்ணி இண்டெக்ஸிலிருந்து நீக்கிவிடக்கூடும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பது கோப்புகளைப் பொறுத்தது. பலவகை ஆவணங்கள் கலந்த தொகுப்பில் இண்டெக்ஸின் அளவு மூலக் கோப்புகளின் அளவை நெருங்குவது சாதாரணம் என்று ரீகோல் கையேடே சொல்கிறது. அழுத்திச் சுருக்கிய அஞ்சல்பெட்டிகள் என்றால் மூலத்தைவிடப் பெரிதாகவும் ஆகலாம். பாடல்களும் படங்களும் நிறைந்த கோப்புறைக்கு மிகச் சிறிதாகவே இருக்கும். மறந்துவிடக் கூடாத ஒன்று: தேடல் முடிவில் துணுக்குகள் காட்டுவதற்காக ஆவணங்களின் உரையும் இண்டெக்ஸில் சேமிக்கப்படுகிறது. கோப்புகளை என்கிரிப்ட் செய்து பாதுகாப்பவர்கள் ‘.ரீகோல்’ கோப்புறையும் அதே பாதுகாப்புக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பூட்டிய அறையின் சாவியை வாசலில் தொங்கவிட்டதுபோல் ஆகிவிடக் கூடாது.

படி 5: முதல் இண்டெக்ஸ்

முனையத்தில் ‘ரீகோல்இண்டெக்ஸ்’ என்று மட்டும் தட்டுங்கள். நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ வேண்டாம். உங்கள் கோப்புகளை உங்கள் பயனர் பெயரிலேயே படிக்கட்டும். ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால் இண்டெக்ஸ் ரூட்டின் கோப்புறையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் ஓட்டத்துக்கு நேரம் பிடிக்கும். பிறகு மாறிய கோப்புகளை மட்டுமே தொடும், ஆகவே விரைவாக முடியும். இடையில் நிறுத்தினாலும் பாதகமில்லை, அடுத்த ஓட்டத்தில் விட்டதிலிருந்து தொடரலாம்.

முடிந்ததும் சாளரத்தில் தேடிப் பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இட்டால் அதே வரிசையில் அந்தச் சொற்கள் வரும் ஆவணங்கள் கிடைக்கும். சொல்லுக்கு முன் கழித்தல் குறி இட்டால் அது வராத ஆவணங்கள். ‘எக்ஸ்ட்:’ என்று எழுதி அதையொட்டிக் கோப்பு நீட்டிப்பைத் தரலாம், ‘டிர்:’ என்று எழுதிக் கோப்புறையைத் தரலாம், ‘டேட்:’ என்று எழுதி 2015/2018 என ஆண்டு எல்லை கொடுக்கலாம். இவற்றைச் சேர்த்தும் எழுதலாம். நாளடைவில் விரல் பழகிவிடும்.

படி 6: தமிழ்க் கோப்புகள்

யூனிகோடில் உள்ள தமிழ் உரை பிரச்சினை இல்லாமல் இண்டெக்ஸில் ஏறும். ஆனால் நம் கோப்புகளில் பலவும் யூனிகோடுக்கு முந்தைய காலத்தவை. டிஸ்கி, டாம், டாப் குறியாக்கங்கள், பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆட்சி செய்த காலத்தில் உருவான ஆவணங்கள் இன்றும் பதிப்பகங்களிலும் அலுவலகங்களிலும் தனிநபர் சேமிப்பிலும் குவிந்து கிடக்கின்றன. பாமினி ஆவணத்தில் திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ரீகோலுக்குக் கிடைப்பதும் அவையே. நீங்கள் யூனிகோடில் ‘நிலம்’ என்று தேடினால் அந்த ஆவணம் ஒருநாளும் வராது.

எந்தக் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய, ஒரு மாதிரி பிடிஎஃப்பை ‘பிடிஎஃப்டுடெக்ஸ்ட்’ கட்டளை வழியாக உரையாக்கித் திறந்து பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

ஒழுங்கான தமிழ் வந்தால் கவலை இல்லை.

எதுவுமே வராவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். அதற்கு எழுத்துணரி வேண்டும். டெஸராக்டையும் அதன் தமிழ்த் தரவுப் பொதியையும் நிறுவுங்கள், தமிழுக்கான குறியீடு ‘டிஏஎம்’. பிறகு ‘ரீகோல்.கான்ஃப்’ கோப்பில் ‘பிடிஎஃப்ஓசிஆர் = 1’, ‘ஓசிஆர்ப்ரோக்ஸ் = டெஸராக்ட்’ என்றும், ‘டெஸராக்ட்லாங்’ என்ற மாறிக்கு அந்தத் தமிழ்க் குறியீட்டையும் எழுதுங்கள். இயல்பில் இது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது, ஏனென்றால் எழுத்துணர்தல் மிக மெதுவான வேலை. எல்லாக் கோப்புறைகளுக்கும் போடாமல், ஸ்கேன் நூல்கள் இருக்கும் கோப்புறைக்கு மட்டும் இயக்கலாம். ‘ரீகோல்.கான்ஃப்’ கோப்பில் கோப்புறையின் பாதையைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதி, அதன் கீழே இந்த வரிகளை இட்டால் அங்கு மட்டும் செல்லும். எழுத்துணர்ந்த முடிவுகள் தனியே ‘ஓசிஆர்கேஷ்’ கோப்புறையில் சேமிக்கப்படுவதால், இண்டெக்ஸை அழித்து மீண்டும் எழுதினாலும் அந்த நீண்ட வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்காது.

மூன்றாவது நிலைதான் பொல்லாதது. உரை வருகிறது, ஆனால் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். பாமினி வகை எழுத்துருவில் உருவான பிடிஎஃப். ரீகோலின் எழுத்துணரி வசதி உரையே இல்லாத பிடிஎஃப்புக்கு மட்டும்தான் இயங்கும். இங்கே ‘உரை இருக்கிறது’ என்பதால் அது ஒதுங்கிக்கொள்ளும். இதற்கு இரண்டு வழி. ‘ஓசிஆர்மைபிடிஎஃப்’ என்ற கட்டற்ற கருவியை ‘--ஃபோர்ஸ்-ஓசிஆர்’ விருப்பத்தோடு ஓட்டினால், பக்கத்தைப் படமாக்கி அதன் மேல் யூனிகோடு உரை அடுக்கைப் புதிதாக இடும். மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, இந்தப் புதுப் பிரதிகளை வேறு கோப்புறையில் சேமித்து அதை இண்டெக்ஸ் செய்யுங்கள். இரண்டாவது வழி, கைவசம் மூல உரை இருந்தால் குறியாக்கத்தை மாற்றுவது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, டிஸ்கி முதலியவற்றை யூனிகோடாக்கும் பகுதி இருக்கிறது. மூல உரை கிடைக்கும்போது எழுத்துணரியைவிட இதுவே துல்லியமானது, இதையே முதலில் முயலச் சொல்வேன்.

தமிழில் தேடும் முறை பற்றியும் ஒரு சொல். ‘நிலம்’ என்பது ‘நிலத்தை’, ‘நிலத்தில்’, ‘நிலத்துக்கு’ என்று உருமாறும். ஆங்கிலத்துக்கு உள்ளதுபோல் வேர்ச்சொல் விரிவாக்கம் உங்கள் ஸாப்பியன் பதிப்பில் தமிழுக்கும் இருக்கிறதா என்று ‘ரீகோல்இண்டெக்ஸ் -எல்’ காட்டும் பட்டியலில் பாருங்கள். இருந்தால் ‘இண்டெக்ஸ்ஸ்டெம்மிங்லாங்குவேஜஸ்’ வரியில் ஆங்கிலத்தோடு தமிழையும் சேர்க்கலாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் நட்சத்திரக் குறி கைகொடுக்கும்: ‘நிலத்*’ என்று தேடினால் வேற்றுமை உருபேற்ற வடிவங்கள் எல்லாம் சிக்கும். கருவிகள் மெனுவில் உள்ள சொல் ஆய்வுச் சாளரத்தில் இதே வடிவத்தைக் கொடுத்தால், இண்டெக்ஸில் அந்தத் தொடக்கம் கொண்ட சொற்கள் என்னென்ன இருக்கின்றன என்றே பார்த்துவிடலாம். ஒரு தொகுப்பின் சொல்வளத்தைப் பார்க்கவே அதைத் திறப்பவர்கள் உண்டு.

படி 7: மூலநிரலைப் பெறுதல்

பில்டு செய்வது என்று முடிவெடுத்தால், ரீகோல் தளத்தின் பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள டார் கோப்பையே எடுங்கள். மேம்பாட்டு நிலையில் உள்ள நிரல்தான் வேண்டும் என்றால் ஃப்ராமாகிட் தளத்தில் கிட் களஞ்சியம் இருக்கிறது, அதை ‘கிட் க்ளோன்’ செய்யலாம். அப்படி எடுத்தால் உள்ளே இருக்கும் ‘எஸ்ஆர்சி’ கோப்புறைக்குள் போன பிறகுதான் அடுத்த கட்டளைகளை ஓட்ட வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு டார் கோப்பே சரி.

தளத்தில் சரிபார்ப்பு மதிப்பு தந்திருந்தால் ‘ஷா256சம்’ கட்டளையின் விடையோடு ஒப்பிடுங்கள். பிறகு ‘டார் எக்ஸ்இசட்எஃப்’ கொண்டு விரித்து, அந்தக் கோப்புறைக்குள் செல்லுங்கள். கோப்புறையை ‘டிஎம்பி’யில் வைக்காதீர்கள். நீக்கும் நாளில் அது தேவைப்படும்.

படி 8: தேவையான நூலகங்கள்

சி++ கம்பைலர், பில்டு வேலையை நடத்தும் மேசன், நிஞ்சா, நூலகங்களைக் கண்டறியும் பிகேஜி-கான்ஃபிக் ஆகியவை அடிப்படை. அவற்றோடு ஸாப்பியன், லிப்எக்ஸ்எம்எல்2, லிப்எக்ஸ்எஸ்எல்டி, இசட்லிப், லிப்மேஜிக், ஆஸ்பெல், பைத்தான் 3, சாளர இடைமுகத்துக்கான க்யூட்டி ஆகியவற்றின் மேம்பாட்டுப் பொதிகள் வேண்டும். டெபியன் வகையில் அவை ‘-டெவ்’ என்று முடியும், ஃபெடோராவில் ‘-டெவல்’.

ஒவ்வொன்றாகத் தேடி அலைவதைவிட டெபியன், உபுண்டுவில் குறுக்குவழி ஒன்று உண்டு. மென்பொருள் மூலங்களின் அமைப்பில் மூலநிரல் களஞ்சியங்களை இயக்கிவிட்டு,

சூடோ ஆப்ட் பில்டு-டெப் ரீகோல்

என்று தாருங்கள். களஞ்சியத்தில் உள்ள பழைய ரீகோலை பில்டு செய்யத் தேவையான அனைத்தும் வந்துவிடும். புதிய பதிப்பு கூடுதலாகக் கேட்பது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஃபெடோராவில் ‘டிஎன்எஃப் பில்டுடெப் ரீகோல்’.

படி 9: பில்டு

பழைய பதிப்புகளில் கான்ஃபிகர், மேக் என்ற வழக்கமான முறை இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் இன்னும் அதையே சொல்கின்றன. புதியவை மேசனுக்கு மாறிவிட்டன:

மேசன் செட்அப் பில்டு
நிஞ்சா -சி பில்டு
சூடோ நிஞ்சா -சி பில்டு இன்ஸ்டால்

(நிஞ்சா கட்டளையில் வரும் ‘-சி’ பெரிய எழுத்து.) முதல் கட்டளைதான் பேசும் கட்டளை. எது இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகச் சொல்லும். ‘ஸாப்பியன்-கோர் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றால் ஸாப்பியன் நூலகம் இல்லை என்று பொருளல்ல, பெரும்பாலும் அதன் மேம்பாட்டுப் பொதிதான் இல்லை. நிறுவிவிட்டு, ‘பில்டு’ கோப்புறையை அழித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

விருப்பங்களை ‘-டி’ (பெரிய எழுத்து) சேர்த்துத் தரலாம். சர்வருக்கு ‘-டிக்யூட்டிகுயி=ஃபால்ஸ்’ என்றால் சாளரம் இல்லாமல் பில்டு ஆகும். க்யூட்டி வெப்கிட் கிடைக்காத விநியோகங்களில் ‘-டிவெப்கிட்=ஃபால்ஸ்’ தேவைப்படும். தேடல் முடிவுப் பட்டியலின் தோற்றம் சற்று எளிமையாகும், தேடலில் எந்தக் குறையும் வராது. முழுப் பட்டியல் மூலநிரலோடு வரும் மேசன் விருப்பக் கோப்பில் இருக்கிறது.

நிறுவும் இடம் இயல்பாக ‘யுஎஸ்ஆர்/லோக்கல்’. அதை மாற்றி ‘யுஎஸ்ஆர்’ என்று கொடுக்கத் தூண்டுதல் வரும், தயவுசெய்து வேண்டாம். பொதி மேலாளருக்குச் சொந்தமான இடம் அது. அங்கே கைவைத்தால் அடுத்த ஆப்ட் புதுப்பிப்பில் எது யாருடைய கோப்பு என்று இருவருக்குமே தெரியாமல் போகும்.

அதேபோல், நிஞ்சா இன்ஸ்டாலுக்கு முன் விநியோகத்தின் ரீகோல் பொதியை நீக்கிவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாளரம் ஒரு பதிப்பு, இண்டெக்ஸர் இன்னொரு பதிப்பு, பைத்தான் தொகுதி மூன்றாவது இடத்திலிருந்து என்று கலப்படமாகும். ‘விச் ரீகோல்’, ‘ரீகோல் -வி’ இரண்டையும் கேட்டு, நீங்கள் பில்டு செய்ததுதான் ஓடுகிறது என்று உறுதி செய்யுங்கள். பழைய இடத்தையே முனையம் நினைவில் வைத்திருந்தால் ‘ஹாஷ் -ஆர்’ அதை மறக்கச் செய்யும்.

பகிர்வு நூலகம் கிடைக்கவில்லை என்று நிரல் எழும்ப மறுத்தால் ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஓட்டுங்கள். ஃபெடோராவில் ‘யுஎஸ்ஆர்/லோக்கல்’ நூலகக் கோப்புறைகள் இயல்பாகத் தேடல் பாதையில் இருப்பதில்லை. ‘ஈடிசி’யில் உள்ள ‘எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி’ கோப்புறையில் ஒரு சிறு கோப்பு உருவாக்கி அந்தப் பாதையை எழுதிய பிறகு எல்டிகான்ஃபிக் ஓட்ட வேண்டும்.

படி 10: தானாக இண்டெக்ஸ் ஆக

இரண்டு முறைகள். நாளுக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் ஓட்டலாம், சாளரத்திலேயே அதற்கான அமைப்பு இருக்கிறது. அல்லது ‘ரீகோல்இண்டெக்ஸ் -எம்’ என்று ஓட்டினால் கோப்பு மாறிய உடனே இண்டெக்ஸ் ஆகும். சேவைகளை இயக்கி நிறுத்தும் சிஸ்டம்டி உள்ள கணினியில் ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நௌ ரீகோல்இண்டெக்ஸ்’ என்றால் ஒவ்வொரு முறை உள்நுழையும்போதும் தொடங்கும்.

உடனடி முறை, கோப்பு மாறுவதைத் தெரிவிக்கும் கர்னலின் (லினக்ஸின் மையநிரலின்) ஐநோட்டிஃபை வசதியைச் சார்ந்தது. ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒரு கண்காணிப்பு தேவைப்படும். பழைய கர்னல்களில் ஒரு பயனருக்கு 8192 என்ற எல்லை இருந்தது. 5.11 கர்னலிலிருந்து நினைவகத்தின் அளவைப் பொறுத்து அது தானாகவே உயர்கிறது. பழைய கர்னலில் இருப்பவர்கள் ‘மேக்ஸ்_யூசர்_வாட்ச்சஸ்’ அமைப்பைச் சிஸ்டிஎல் வழியாக உயர்த்த வேண்டும். கோப்புகள் அதிகம் மாறாத தொகுப்புக்கு இரவில் ஒருமுறை க்ரான் போதும் என்பது என் கருத்து. கணினியும் இலகுவாக இருக்கும்.

படி 11: புதுப்பித்தல்

புதிய பதிப்பு வந்ததும் முதலில் படிக்க வேண்டியது அதன் வெளியீட்டுக் குறிப்பு. பழைய பதிப்பின் மேல் நிறுவுவது பற்றி அதில் ஒரு பகுதி இருக்கும். எந்தப் பதிப்பிலிருந்து வந்தால் இண்டெக்ஸை மீண்டும் எழுத வேண்டும் என்று அங்கே தெளிவாகச் சொல்லியிருப்பார்கள். குறித்து வைத்த பதிப்பு எண் இங்கேதான் பயன்படும். எந்தப் பதிப்பில் உருவான இண்டெக்ஸ் என்றே தெரியாவிட்டால் அழித்துப் புதிதாக எழுதுவதே சரி.

வரிசை இது. ஓடிக்கொண்டிருக்கும் இண்டெக்ஸரை நிறுத்துங்கள்: ‘சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டாப் ரீகோல்இண்டெக்ஸ்’. சாளரத்தையும் மூடுங்கள். ஒரே இண்டெக்ஸில் ஒரே சமயத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும், பழைய நிரல் பிடித்துக்கொண்டிருந்தால் புதியதால் எழுத முடியாது. அடுத்து ‘.ரீகோல்’ கோப்புறையை ஸாப்பியன்டிபி தவிர்த்துப் பிரதி எடுங்கள், ஓசிஆர்கேஷ் இருந்தால் அதையும் சேர்த்து. சாளரத்தின் தோற்ற அமைப்புகள் ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘ரீகோல்.ஓஆர்ஜி’ (முதல் எழுத்து பெரிய எழுத்து) என்ற இடத்தில் தனியாக இருக்கும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூலநிரலிலிருந்து நிறுவியிருந்தால், பழைய பில்டு கோப்புறைக்குப் போய் ‘சூடோ நிஞ்சா அன்இன்ஸ்டால்’ தாருங்கள். அந்தக் கோப்புறையைப் பாதுகாக்கச் சொன்னது இதற்குத்தான். பிறகு படி 7 முதல் 9 வரை புதிய பதிப்புக்குச் செய்யுங்கள். பொதியாக நிறுவியவர்களுக்கு வழக்கமான ஆப்ட் அப்கிரேடு போதும்.

புதியதை உங்கள் முழு இண்டெக்ஸில் ஓட்டுவதற்கு முன் தனிக் கட்டமைப்பில் சோதிக்கலாம். ‘.ரீகோல்-சோதனை’ என்று ஒரு கோப்புறை உருவாக்கி, அதில் சிறு ‘ரீகோல்.கான்ஃப்’ எழுதி, ஒரேயொரு கோப்புறையை டாப்டிர்ஸாகத் தந்து, ‘ரீகோல்இண்டெக்ஸ் -சி’ என்று அந்தப் பாதையோடு ஓட்டுங்கள். தேடும் சாளரத்தையும் அதே ‘-சி’யுடன் திறக்கலாம். பழைய இண்டெக்ஸ் தொடப்படாமல் இருக்கும். பெரிய தொகுப்பு வைத்திருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

இண்டெக்ஸை மீண்டும் எழுத ‘ரீகோல்இண்டெக்ஸ் -இசட்’ (சின்ன எழுத்து) இருக்கிறது. பெரிய எழுத்தில் தந்தால் பழைய இண்டெக்ஸை அழிக்காமல், எல்லாக் கோப்புகளும் மாறியதாகக் கருதி ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கும். மறுபடி எழுதும் நேரத்திலும் தேடல் வேண்டும் என்பவர்களுக்கு அது வசதி. ஆனால் பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் ஸாப்பியன்டிபி கோப்புறையையே நேரடியாக அழித்துவிட்டு இண்டெக்ஸரை ஓட்டுவதுதான் சுத்தம். பழைய பதிப்பின் மிச்சசொச்சம் எதுவும் தங்காது. அழிக்கும்போது பாதையை இருமுறை பாருங்கள்: ‘.ரீகோல்’ அல்ல, அதனுள் இருக்கும் ‘ஸாப்பியன்டிபி’ மட்டும்.

விநியோகத்தையே புதிய பதிப்புக்கு மாற்றும்போது ஸாப்பியன் நூலகமும் சேர்ந்து மாறும். 1.2 வரிசையில் செர்ட் என்ற சேமிப்பு வடிவம், 2016இல் வந்த 1.4 வரிசையில் க்ளாஸ் என்ற வடிவம் என்று அதன் உள்ளமைப்பு மாறியிருக்கிறது. ரீகோல் பதிப்பு மாறாவிட்டாலும் அப்போது இண்டெக்ஸைப் புதிதாக எழுதிவிடுவது நல்லது.

புதுப்பித்த பின் சிலருக்கு ஒரு விந்தை நேரும். நிரல் புதிது, ஆனால் ஒரு கோப்பு வகை மட்டும் பழைய குறையோடே நிற்கும். பெரும்பாலும் ‘மைம்கான்ஃப்’, ‘மைம்வியூ’ போன்ற கோப்புகளை (எந்தக் கோப்பு வகையை எந்த நிரல் படிக்கும், எது திறக்கும் என்று சொல்பவை) முழுதாக ‘.ரீகோல்’ கோப்புறைக்குப் பிரதி எடுத்துத் திருத்தியதால் வருவது இது. உங்கள் கோப்புறையில் இருக்கும் வரி எப்போதும் பொதுக் கோப்பின் வரியை மீறும். முழுப் பிரதி இருந்தால் ரீகோல் புதிதாகக் கொண்டுவந்த திருத்தங்கள் எதுவும் உங்களை எட்டாது. நீங்கள் மாற்றிய வரிகளை மட்டும் உங்கள் கோப்பில் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள். வடிகட்டிகளுக்கும் இதே விதி: ‘யுஎஸ்ஆர்’ பகுதியில் உள்ள வடிகட்டியை நேரடியாகத் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் அழிந்துபோகும். வேறு பெயரில் பிரதி எடுத்து, அதை உங்கள் மைம்கான்ஃபில் குறிப்பிடுங்கள்.

புதிய பதிப்பு ஒத்துவராவிட்டால் திரும்பவும் வழி இருக்கிறது. நிஞ்சா அன்இன்ஸ்டால் செய்து, பழைய பதிப்பை நிறுவி, எடுத்து வைத்த கட்டமைப்பை இருந்த இடத்தில் வைத்து, ஸாப்பியன்டிபியை அழித்து, இரவில் ரீகோல்இண்டெக்ஸை ஓடவிடுங்கள். புதிய பதிப்பு எழுதிய இண்டெக்ஸைப் பழைய நிரலிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.